மரக்கன்று, மாலை, குரூப் போட்டோ... அவ்வளவுதானா? காலநிலை மாற்றத்துக்கு ரோட்டரி, அரிமா சங்கங்கள் என்ன செய்ய முடியும்?

ஜூலை பிறந்தால் போதும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஹோட்டல் ஹால்களில் சங்கப் பதவியேற்பு விழாக்கள் வரிசைகட்டும். புதுத் தலைவர், புதுச் செயலாளர், சால்வை, பொன்னாடை. அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு பூங்காவில் மரக்கன்று நடும் விழா. அந்தக் கன்று அடுத்த மே மாத வெயிலைத் தாங்கியதா? பல நேரங்களில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

2015 டிசம்பரில் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா புயல், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு தண்ணீர்ப் பஞ்சம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று பத்தாண்டுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஊர் இது. 2050-க்குள் கார்பன் சமநிலை என்ற இலக்கோடு சென்னைக்கான காலநிலைச் செயல்திட்டம் 2023 ஜூனில் வெளியானது. ஆனால் அரசுத் திட்டம் தெருமுனை வரை வந்து சேர, இடையில் யாராவது வேலை செய்ய வேண்டும். அந்த இடத்தில் சேவைச் சங்கங்களால் என்ன பண்ண முடியும்?

ரோட்டரிக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?

ரோட்டரி 1905-ல் சிகாகோவில் தொடங்கியது. சென்னைக்கு 1929-லேயே வந்துவிட்டது. அரிமா சங்கம், அதாவது லயன்ஸ், 1956-ல் இந்தியாவுக்கு வந்தது. கண் சிகிச்சை முகாம், ரத்ததானம், பள்ளிக்குக் கழிப்பறை என்றுதான் இவர்களை நமக்குத் தெரியும். ஆனால் 2020-ல் ரோட்டரி தனது முக்கியப் பணிகளின் பட்டியலில் சுற்றுச்சூழல் பாதுகாப்பை ஏழாவதாகச் சேர்த்தது. அரிமா சங்கங்களுக்கும் உலக அளவிலான பணிகளில் சுற்றுச்சூழல் ஒன்று. ஆக, "இது நம்ம வேலை இல்லையே" என்று சொல்ல இரண்டு தரப்புக்கும் வழியில்லை.

இவர்களால் நிஜமாகவே பெரிய வேலை முடியுமா?

முடியும் என்பதற்கு போலியோ சாட்சி. 1985-ல் ரோட்டரி போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு பதிவானது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வந்தது. இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம். எத்தனையோ தலைவர்கள் மாறினார்கள், வேலை மாறவில்லை.

உள்ளூர் உதாரணமும் இருக்கிறது. 1989-ல் எம்.பி.நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா. ஒரு தெருவின் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கும். அதில் சம்பளம் பெறும் ஒருவர் மூன்று சக்கர வண்டியோடு வீடு வீடாக வந்து குப்பை வாங்குவார். அவருக்கு 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்' என்று மரியாதையான பெயர். வீட்டு வாசலில் வந்து குப்பை வாங்குவது இன்று நமக்குச் சாதாரணம். அதை முதலில் செய்து காட்டியது தெருவாசிகளின் சங்கங்கள்தான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

மழைநீரிலிருந்து. 2003-ல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்கு முன்பே, 1990-களில், பெசன்ட் நகர் பகுதியில் வீடு வீடாகப் போய் இதைப் பேசியவர் சேகர் ராகவன். கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே போனால் உப்புநீர் உள்ளே வரும் என்பதுதான் அவர் கவலை. 2002-ல் மந்தைவெளியில் மழை மையம் உருவானது.

இன்று பிரச்சினை வேறு. குழாய் இருக்கிறது, ஆனால் அடைத்துக் கிடக்கிறது. குழி இருக்கிறது, அதன் மேல் கார் நிற்கிறது. வடிகட்டும் மணலையும் ஜல்லியையும் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று வாட்ச்மேனுக்கும் தெரியாது, செகரெட்டரிக்கும் தெரியாது.

ஒரு கணக்கு பாருங்கள். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒரு கிரவுண்டில் விழும் மழை மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். அதில் எண்பது சதவீதம் பிடித்தாலும் இரண்டரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் சொன்னால் இருபது லோடு! 2019-ல் ஒரு லோடுக்காக நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

இங்கே சங்கங்களுக்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. தலைவர் பதவியேற்பது ஜூலை 1. வடகிழக்குப் பருவமழை வருவது அக்டோபரில். இடையில் கிட்டத்தட்ட நூறு நாள். ஒரு சங்கம் தன் பகுதியில் ஐம்பது கட்டடங்களை எடுத்துக்கொண்டு, ஒரு பிளம்பரையும் ஒரு சிவில் இன்ஜினீயரையும் அனுப்பிச் சோதித்து, தூர்வாரி முடிக்க இது போதுமான நேரம். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே டிசைன் ஒத்துவராது. பெசன்ட் நகரின் மணல் தண்ணீரைச் சட்டென்று குடிக்கும். தி.நகர் 1920-களில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியின் மேல் எழுந்த ஊர். மண்ணைப் பார்த்துத்தான் குழி தோண்ட வேண்டும்.

குப்பைக்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. சாப்பாட்டுக் கழிவு மலைபோல் குவிந்து காற்று புகாமல் அழுகும்போது மீத்தேன் வரும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடை விடச் சுமார் எண்பது மடங்கு வெப்பத்தை அது பிடித்து வைக்கும். தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி. அதை ஒட்டியே பள்ளிக்கரணை சதுப்புநிலம். 2022-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற இடம்.

இதில் சங்கங்கள் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். மீட்டிங்குக்குப் பின் வரும் பஃபேயில் எவ்வளவு மிஞ்சுகிறது? எத்தனை பிளாஸ்டிக் பாட்டில்? ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அவசியமா? அடுத்தது, உறுப்பினர்கள் வசிக்கும் அப்பார்ட்மென்ட்டுகள். ஒரு காம்போஸ்ட் தொட்டி வாங்கிக் கொடுப்பது சுலபம். அதைக் கிளற ஆள் வைத்து, ஆறு மாதம் நாற்றம் வராமல் நடத்திக் காட்டுவதுதான் சேவை.

சோலார்?

பணத்தை விட பேப்பர் வேலைதான் பலரை மலைக்க வைக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கும் மானியம் உண்டு. கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் இதில் ஓடலாம். ஆடிட்டரும் இன்ஜினீயரும் வக்கீலும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் சேவைச் சங்கம். பேனல் வாங்கித் தருவதை விட, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து கூடவே நிற்பது பெரிய உதவி.

நீர்மோர் பந்தலும் காலநிலைப் பணிதானா?

ஆமாம். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பந்தல் நம் ஊர்ப் பழக்கம். அதைக் கொஞ்சம் விரித்தால் போதும். திறப்பு விழா அன்று மட்டும் மோர் ஊற்றாமல் ஏப்ரல், மே முழுக்க நடத்த வேண்டும். ரங்கநாதன் தெருவில் நடைபாதை வியாபாரி, பாண்டி பஜாரில் டெலிவரி பாய்ஸ், கட்டட வேலை நடக்கும் இடங்கள் என்று வெயிலில் நிற்பவர்களைத் தேடிப் போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், நிழல், உட்கார ஒரு பெஞ்ச். சங்கத்தில் இருக்கும் டாக்டர்கள் வெப்ப பாதிப்பின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுக்கலாம்.

அப்போ மரம் நட வேண்டாமா?

நடலாம், தாராளமாக. வர்தாவில் சாய்ந்த மரங்களுக்கு ஈடாக நிறையத் தேவை. வேம்பு, புங்கம், பூவரசு என்று நம் மண்ணுக்குப் பழகியதாகத் தேர்ந்தெடுங்கள். நூறு நட்டு மறப்பதை விட, பத்து நட்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது மேல்.

சிக்கலும் இங்கேதான். சங்கத் தலைவரின் பதவி ஒரே வருடம். அவர் நட்ட கன்றுக்கு இரண்டாவது கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் வேறொருவர். அவருக்கோ தன் பெயரில் புது புராஜெக்ட் வேண்டும். அதனால் மூன்று வருடத் திட்டம், அதற்கென நிரந்தரக் கமிட்டி, தனிக் கணக்கு என்று முதலிலேயே தீர்மானம் போட்டுவிடுவது நல்லது. ஆண்டறிக்கையில் 'நட்டவை' என்ற எண்ணோடு 'உயிரோடு இருப்பவை' என்ற எண்ணும் வரட்டும்.

இதில் நம் பங்கு என்ன?

பதினெட்டு வயது ஆனவர்கள் ரோட்டராக்ட்டில் சேரலாம். அரிமாவில் இளைஞர்களுக்கு லியோ சங்கங்கள் உண்டு. சேர நேரமில்லையா? உங்கள் அப்பார்ட்மென்ட் இருக்கும் பகுதியின் சங்கம் எது என்று கண்டுபிடித்து ஒரு மெயில் போடுங்கள். "எங்கள் மழைநீர்க் குழியைச் சரிசெய்ய வழி சொல்வீர்களா?" என்று கேளுங்கள். சங்கங்களுக்குத் தேவை புராஜெக்ட். நமக்குத் தேவை தண்ணீர். மழைக்கு முன் இரண்டும் சந்தித்துக்கொண்டால் நல்லது.