நீக்கிய திறன் திரும்பி வந்தது ஏன்?

அனுமந்தன்பட்டியில் ஆறாம் வகுப்பிற்குக் கணிதம் எடுக்கும் எனக்குக் கணினி விளையாட்டில் நாட்டம் இல்லை. அதன் பிழையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பதில் நாட்டம் உண்டு. அசெரோத்கோர் அதற்கு ஏற்றது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் ஒரு பதிப்பை இயக்கும் திறமூல சர்வர் மென்பொருள் அது. நிரலை யாரும் திறந்து படிக்கலாம்.

அந்த விளையாட்டில் ஒரு கதாபாத்திரம் 10ஆம் நிலையிலிருந்து நிலைக்கு ஒரு திறன் புள்ளி பெறும். உச்சமான 80ஆம் நிலையில் மொத்தம் 71. (70 தானே என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள், 10ஐயும் சேர்த்து எண்ண வேண்டும்.) திறன்களை இரண்டு தொகுப்புகளாக வைத்துக்கொள்ளலாம். ஒரு திறன் முதல் தொகுப்பில் இருந்தால் 1, இரண்டாவதில் இருந்தால் 2, இரண்டிலும் இருந்தால் 3 என்று சர்வர் குறித்துக்கொள்கிறது.

இரண்டிலும் உள்ள திறனை முதல் தொகுப்பிலிருந்து நீக்கினால் 3 என்பது 2 ஆக வேண்டும். நினைவகத்தில் உடனே மாறிவிடும். ஆனால் 'மாறியது' என்று குறியிட்டவை மட்டுமே தரவுத்தளத்தில் எழுதப்படும். குறியிடும் ஒரு வரி விடுபட்டால் போதும்: திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆடுபவர் வெளியேறி மறுபடி நுழைந்தால் நீக்கிய திறன் திரும்ப வந்து நிற்கும். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்படியே விட்ட கதைதான்.

தரவுத்தளத்தில் 3ஐ அழித்து 2 என்று கையால் எழுதலாம். அவர் ஒருவருக்குச் சரியாகும்; அடுத்தவருக்கு அதே பிழை வரும். ஆகவே முதலில் பிழையை வரவழைக்கும் படிகளை எழுதுகிறார்கள்: கற்றுக்கொள், நீக்கு, வெளியேறு, நுழை. ஒவ்வொரு படியிலும் எண்ணைப் பார்த்தால் பிசகிய இடம் தெரியும். அதைத் திருத்தி, அதே படிகளை மீண்டும் ஓட்டுவார்கள்.

ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்டு பர்ட்டனும் 1978இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் கழித்தலை இப்படித்தான் அணுகினார்கள். அவர்களின் 'பக்கி' என்ற கணினி விளையாட்டில், பயிற்சி ஆசிரியர்கள் தவறான விடைகளைப் பார்த்து, அவற்றைத் தந்த தவறான வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

52 பெட்டித் திராட்சையில் 17 விற்றால் மீதி 45 என்று எழுதும் மாணவர் கவனக்குறைவானவர் அல்லர். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் விதியை ஒவ்வோர் இடத்திலும் ஒழுங்காகப் பின்பற்றுகிறார். சிவப்பு மையில் 35 என்று எழுதுவது, தரவுத்தளத்தில் 2 என்று எழுதுவதுதான். நான் 81 − 36 கொடுக்கிறேன். 55 வந்தால் விதி உறுதி. பிறகு பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவரையே பிரிக்கச் சொல்லி, அதே கணக்கை மறுபடி போட வைக்கிறேன். அடுத்து 40 − 16. அதற்கு 30 என்று விடை வந்தால், அது பூச்சியத்தில் ஒளிந்திருக்கும் வேறொரு பிழை.