விடுவித்த நினைவகமும் விலகாத சுட்டியும்: மாலி வரைகலை இயக்கியில் ஒரு பிழைதிருத்தம்

கணினி நிரல் தனக்கு வேண்டிய நினைவகத்தைக் கேட்டுப் பெறுகிறது. வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தருகிறது. தந்த பின்னரும் அதன் முகவரியைத் தாங்கிய சுட்டி எஞ்சியிருந்து, அதன்வழி நிரல் அவ்விடத்தை மீண்டும் தொடுமாயின், அது 'விடுவித்தபின் பயன்படுத்தல்' எனும் பிழையாகும். ஆவடியில் வாடகை வீட்டைக் காலி செய்தவர் மாற்றுச் சாவியொன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்வதைப் போன்றது இது. வீடு பூட்டிக் கிடக்கும்வரை தீங்கு புலப்படாது. வேறொரு குடும்பம் குடிவந்த பின்னரும் அச்சாவி அக்கதவைத் திறக்கும்.

ஆர்ம் நிறுவனத்தின் மாலி வரைகலைச் செயலிக்கான கெர்னல் இயக்கியில் இத்தகைய பிழையொன்றை, கிட்ஹப் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த மான் யுவே மோ 2022இல் கண்டறிந்தார். சிவிஇ-2022-38181 என்பது அதன் பதிவெண். பிக்சல் 6 மட்டுமன்றி, மீடியாடெக் சில்லு கொண்ட விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றிலும் மாலி செயலியே உள்ளது.

உடனடித் தேவைக்கென ஒதுக்கும் பகுதிகளை இவ்வியக்கி எண்ணிட்ட பட்டியலொன்றில் வைத்திருக்கிறது. நினைவகத் தட்டுப்பாட்டின்போது விடுவிக்கத்தக்கவற்றுக்கு வேறொரு பட்டியல் உண்டு. ஒரு பகுதியை 'இப்போது தேவையில்லை' எனப் பயனர் நிரலே குறிக்கலாம். முதற்பட்டியலில் பயன்பாட்டிலிருந்த பகுதியையும் அவ்வாறு குறிக்க இயக்கி இடமளித்ததே சிக்கல். தட்டுப்பாடு நேர்ந்ததும் கெர்னல் அப்பகுதியை விடுவித்தது. முதற்பட்டியலுக்கு அச்செய்தி எட்டவில்லை. அங்கே எஞ்சிய சுட்டியைக் கொண்டு சாதாரணச் செயலியொன்று கெர்னலின் முழு அதிகாரத்தையும் பெற முடிந்தது.

சுட்டியை வெறுமையாக்குவது எளிய திருத்தம். ஆயினும் பயனர் விடுவிக்கக் கூடாத பகுதிகளின்மீது அக்கோரிக்கையையே இயக்கி மறுப்பது மேலானது. முரண்பாடு தோன்றும் இடமே அப்போது அடைபடுகிறது. பிற்காலப் பதிப்புகள் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

குறிமுறையைத் திருத்துவதைவிட அத்திருத்தத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுசேர்ப்பதே கடினமாயிற்று. சூலை 2022இல் பிழையறிக்கை ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழுவை எட்டியது. தாங்கள் திருத்தப்போவதில்லை எனக் குறித்து அக்குழு அதனை ஆர்மிடம் ஒப்படைத்தது. அக்டோபரில் ஆர்ம் ஆர்40பி0 பதிப்பை வெளியிட்டது. பிக்சல் கைப்பேசிகளுக்கு அது சனவரி 2023இல்தான் கிட்டியது. இடைப்பட்ட மாதங்களில் திருத்தத்தைப் படித்துப் பிழையை ஊகிக்க எவராலும் இயலும். மாலி இயக்கியின் இதேவகைப் பிழையான சிவிஇ-2024-4610, 2022 நவம்பரிலேயே ஆர்41பி0 பதிப்பில் திருத்தப்பட்டது. அது தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படுவதாக ஆர்ம் அறிவித்தது சூன் 2024இல். புதுப்பிப்பு நின்றுபோன பழைய கைப்பேசியை அம்பத்தூரில் ஒருவர் இன்றும் வைத்திருந்தால், அதற்கு இவ்விரு திருத்தங்களும் வந்தனவா என்பதை ஆர்ம் அல்ல, அதை விற்ற நிறுவனமே தீர்மானித்திருக்கும்.