பட்டத்தில் ஒன்று, வகுப்பில் நான்கு

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 23 பாடங்கள். முதல் ஆறு இயற்பியல். இயக்க விதிகளில் தொடங்கி அணுக்கரு வரை போகும். அடுத்த ஐந்து வேதியியல். அதற்குப் பிறகு பதினோரு பாடம் உயிரியல்: வேர், தண்டு, அட்டை, முயல், நரம்பு மண்டலம், ஹார்மோன், மெண்டலின் பட்டாணி எல்லாம் அதில் வந்துவிடும். கடைசிப் பாடம் கணினி. எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25.

சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி என்றால் அறிவியலுக்கு ஒரே ஒரு பட்டதாரி ஆசிரியர் இருப்பது சாதாரணம். 23 பாடத்தையும் அவரே நடத்துவார். ஆனால் அவர் கையில் இருக்கும் பட்டம் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றுதான். அரசின் விதி கேட்பதும் அந்த ஒன்றைத்தான்.

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், "அறிவியல் டீச்சர் ஆகணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்கிற பிள்ளைகள் இன்னமும் உண்டு. பதில் சுருக்கமானது. பி.எஸ்சி., அதன்மேல் பி.எட்., பிறகு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. ஆனால் இந்த நான்கு படியும் நான்கு வேறு வேறு ஆளைத் தேடுகின்றன. அதைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் படி பட்டம். நம் கல்லூரிகளில் பி.எஸ்சி. என்றால் ஒரு மேஜர், ஓரிரண்டு அலைடு. இயற்பியல் எடுத்தவருக்குக் கணிதமும் வேதியியலும் அலைடு. தாவரவியல் எடுத்தவருக்குப் பெரும்பாலும் விலங்கியலும் வேதியியலும். அப்படியென்றால் தாவரவியல் பட்டதாரி இயற்பியலைக் கடைசியாகத் தொட்டது பிளஸ் டூவில். இயற்பியல் பட்டதாரியின் கதை இன்னும் வேடிக்கை. பிளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் என்ற குரூப்பில் சேர்ந்தவர் என்றால், அவர் உயிரியலைக் கடைசியாகப் படித்தது பத்தாம் வகுப்பில். நாளைக்கு அவர் பாடம் நடத்தப் போவதும் அதே பத்தாம் வகுப்பில்தான்.

இது அவருடைய குற்றமில்லை. கேட்டதைப் படித்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது படி பி.எட். அதில் சேர மதிப்பெண் வரம்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டு அரசின் கலந்தாய்வில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. ஒரு காலத்தில் பி.எட். ஓராண்டுப் படிப்பு. நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையத்தின் 2012 அறிக்கைக்குப் பிறகு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் விதிகளை மாற்றியது. 2015-16 முதல் இரண்டு ஆண்டு ஆனது. அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. பி.எட். மாணவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தோளில் சுருட்டிய சார்ட், கையில் பாடக்குறிப்பு ரெக்கார்டு, கண்ணில் தூக்கமின்மை. நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று வரும். சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து ஐந்தாறு நிமிடம் ஒரே ஒரு திறனைக் காட்ட வேண்டும்: பாடத்தைத் தொடங்குவது, கேள்வி கேட்பது, கரும்பலகையில் எழுதுவது. முப்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்து நின்று, "டீச்சர், இலை ஏன் பச்சையா இருக்கு?" என்று கேட்டாக வேண்டும். சிரிப்பாக இருந்தாலும் அது பயனுள்ள பயிற்சி என்றே நினைக்கிறேன். பேசத் தெரிந்தவர்கள் எல்லாம் கேட்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அங்கேதான் வெளிப்படும்.

இந்தப் பயிற்சி நமக்குப் புதிதல்ல. சைதாப்பேட்டைக் கல்வியியல் கல்லூரியின் வேர் 1856-ல் தொடங்கிய அரசு நார்மல் பள்ளி. எல்.டி. என்ற பழைய பட்டத்துக்காகப் பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணனும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். தத்துவம் படித்தவருக்கும் பாடம் நடத்தத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று அன்றைய அரசு நினைத்தது.

ஆனால் பி.எட்.டிலும் அறிவியல் ஒன்றாக இல்லை. இயற்பியல், வேதியியல் பட்டதாரிகள் ஒரு பக்கம், தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகள் இன்னொரு பக்கம் என்று கற்பித்தல் முறைத் தாள் இரண்டாகப் பிரிகிறது. ஓம் விதியை எப்படி நடத்துவது என்று விலங்கியல்காரருக்கு அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புக்குத் தயாராகிறவரைப் பாதி அறிவியலோடு அனுப்பிவைக்கிறோம்.

மூன்றாவது படி டெட். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது; அதே ஆண்டு ஆகஸ்ட் 23-ல் வந்த அறிவிக்கை, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க இந்தத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு ஏன் டெட் என்று பலர் கேட்கிறார்கள். நம் பட்டதாரி ஆசிரியர் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எடுப்பவர். அந்த ஆறு, ஏழு, எட்டுக்காகத்தான் அவருக்கு டெட். அதே வளாகத்தில் பிளஸ் டூ எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு அது தேவையில்லை.

இரண்டாம் தாளில் 150 கேள்வி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழிப் பாடம் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும். பொதுப் பிரிவினர் தேர்ச்சி பெற 90 வேண்டும். மூன்றாண்டு செம்பருத்தியையும் பெரணியையும் வெட்டிப் பார்த்தவர் இப்போது லாபநஷ்டக் கணக்கும் வடிவியலும் போட வேண்டும். தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வி. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. ஆசிரியர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஊரே பேசியது. அக்டோபரில் மீண்டும் தேர்வு வைத்தபோது மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். முதல் தேர்வின் நேரக் கணக்கைப் பற்றி ஊர் அவ்வளவாகப் பேசவில்லை.

ஆரம்பத்தில் டெட் சான்றிதழுக்கு ஏழாண்டுதான் ஆயுள். 2021-ல் அதை வாழ்நாள் முழுவதற்கும் ஆக்கினார்கள். சான்றிதழ் நீடித்தது, வேலை வரவில்லை. 2018-ல் அரசாணை 149 வந்து, டெட் தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. 2013-ல் தேறியவர்கள் ஆண்டுக்கணக்கில் சென்னைக்கு வந்து போராடியதன் பின்னணி இதுதான்.

அந்த நான்காவது படியில் மறுபடியும் கதை தலைகீழ். போட்டித் தேர்வில் தாவரவியல்காரருக்குத் தாவரவியல், இயற்பியல்காரருக்கு இயற்பியல். அதுவும் கல்லூரித் தரத்தில். கூடவே தமிழ்த் தகுதித் தாள். அதில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். டெட்டுக்காகப் படித்த கணிதத்தையும் பொது அறிவியலையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, மேஜர் புத்தகத்தைத் தூசி தட்ட வேண்டும். வேலை கிடைத்துப் பள்ளிக்குப் போனதும் மேஜரை மூட்டை கட்டிவிட்டு 23 பாடத்தையும் எடுக்க வேண்டும்.

ஒரு செய்முறை வகுப்பை நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் கம்பியின் மின்தடை எண் காண்பது ஒன்று. அம்மீட்டரைத் தொடரில் இணைக்க வேண்டும், வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பில். மாற்றி இணைத்தால் முள் நகராது, அல்லது ஒரேயடியாக ஓரத்துக்கு ஓடும். விலங்கியல் படித்த டீச்சர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சிவப்பு வயர், கறுப்பு வயர் எங்கே போக வேண்டும் என்று ஓர் அட்டையில் வரைந்து, சுற்றின் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார். ரீடிங் சரியாக வரும். ஒரு பையன், "வோல்ட்மீட்டரை ஏன் டீச்சர் வரிசையிலேயே போடக் கூடாது?" என்று கேட்டான். "போட்டுத்தான் பாரேன்" என்றார். அவன் போட்டான், அம்மீட்டர் முள் அசையவே இல்லை. "ஏன்னு நாளைக்குச் சொல்றேன்" என்றார். அன்று மாலை பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியருக்கு போன் போட்டு அரைமணி நேரம் பேசினார். அரசுப் பள்ளிகளில் அறிவியல் ஓடிக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட போன்களால்தான். எந்த விதியிலும் இதற்கு இடமில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், எல்லை தாண்டியதுமே இருக்கிறது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பி.எஸ்சி. என்றால் நெடுங்காலம் மூன்று பாடங்களும் சம எடையில் இருந்தன: இயற்பியல், வேதியியல், கணிதம் ஒரு தொகுப்பு, வேதியியல், தாவரவியல், விலங்கியல் இன்னொன்று. ஆழம் குறைவு என்று நம் பேராசிரியர்கள் சொல்வார்கள். ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு அது குறைதான். எட்டாம் வகுப்புக்கு நடத்தப் போகிறவருக்குக் குறையா? மைசூரில் 1963-ல் தொடங்கிய மண்டலக் கல்வியியல் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. பிளஸ் டூ முடித்தவரைச் சேர்த்து, அறிவியலையும் கற்பித்தலையும் நான்கு ஆண்டில் பின்னித் தரும் பி.எஸ்சி.எட். படிப்பைப் பல பத்தாண்டுகள் நடத்தியது. நம் மாணவர்களும் அங்கே போய்ப் படித்திருக்கிறார்கள். இப்போது மத்திய அரசு தேசியக் கல்விக் கொள்கையின்கீழ், 2023-24 முதல் நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வியை முன்வைக்கிறது. அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு, அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. நுழைவுத் தேர்வை எதிர்ப்பது நியாயம். ஆனால் அந்த எதிர்ப்பின் மறைவில், நான்காண்டுப் படிப்பின் உள்ளடக்கத்தைப் பற்றிய பேச்சும் காணாமல் போய்விட்டது. அது நமக்கு நட்டம்.

கேந்திரிய வித்யாலயாவைக் குறிவைப்பவர் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே 2022 அறிவிப்பின்படி பட்டதாரி அறிவியல் ஆசிரியர் என்றால் தாவரவியல், விலங்கியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். இயற்பியல் மேஜர்காரர் அறிவியல் ஆசிரியர் ஆக முடியாது. கணிதத்தின் வழியாகத்தான் உள்ளே போகப் பார்க்க வேண்டும். அதே ஊரின் அரசுப் பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியர்.

பட்டத்தின் பெயர் தனி ஆபத்து. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, எலெக்ட்ரானிக்ஸ் என்று கல்லூரிகள் புதுப் புதுப் பெயரில் பி.எஸ்சி. நடத்துகின்றன. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே உயிர்த்தொழில்நுட்பம் ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் தேர்வு வாரியத்தின் பட்டியலில் இருப்பது பழைய நான்கு பெயர்கள்தான். உங்கள் பட்டம் அவற்றில் ஒன்றுக்கு இணையானது என்று உயர்கல்வித் துறை அரசாணை இருந்தால் பிழைத்தீர்கள். பி.எட். கல்லூரியில் இடம் கிடைத்ததை வைத்து வேலைக்கும் தகுதி உண்டு என்று நம்பிவிடக் கூடாது. சேர்க்கைக்கு ஒரு கணக்கு, நியமனத்துக்கு வேறு கணக்கு. இந்த வித்தியாசம் தெரிய வருவது பல நேரம் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில், எல்லாத் தேர்வும் எழுதி முடித்த பிறகு.

அந்த மேசையில் வேறு சிலரும் கலங்கி நிற்பார்கள். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை இல்லாததால் அவர் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. இளங்கலையில் வேதியியலும் முதுகலையில் வேறு பாடமும் எடுத்தவர். முதுகலை ஆசிரியர் பணிக்கு இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்பவர். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று சான்று வேண்டும். முப்பத்தைந்து வயதில் தன் தொடக்கப் பள்ளியைத் தேடிப் போய், தன்னைவிட இளைய தலைமை ஆசிரியரிடம் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுக்கச் சொல்லி நிற்பவர்கள் இவர்கள்தான்.

வேலையில் இருப்பவர்களுக்கும் இப்போது நிம்மதி இல்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: டெட் கட்டாயமாவதற்கு முன் சேர்ந்தவர்களானாலும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் இல்லை. இருபது ஆண்டு பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர், இப்போது தன் மாணவர்களோடு ஒரே தேர்வு அறையில் உட்கார வேண்டியிருக்கிறது.

டெட் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்புக் கணக்குத் தெரியாதவர் ஆறாம் வகுப்புக்குப் போகக் கூடாது. ஆனால் வடிகட்டுவதற்கு இத்தனை சல்லடை வைத்திருக்கும் அரசு, நிரப்புவதற்கு என்ன வைத்திருக்கிறது என்பதே என் கேள்வி. பி.எட். இரண்டு ஆண்டு ஆனபோதே, இயற்பியல்காரருக்கு ஓர் உயிரியல் தாளும், உயிரியல்காரருக்கு ஓர் இயற்பியல் தாளும் ஆய்வகத்தோடு சேர்த்திருக்கலாம். 20 வாரப் பயிற்சியில் நான்கு வாரம் அடுத்தவர் பாடத்தை எடுக்க வைத்திருக்கலாம். புதிதாக ஒரு கல்லூரியும் கட்ட வேண்டியதில்லை. பாடத்திட்டக் குழு கூடி முடிவெடுத்தால் போதும்.

அதுவரை, ஜூன் மாதம் கல்லூரியில் பணம் கட்டப் போகிறவர்கள் மூன்று காரியம் செய்யலாம். பட்டத்தின் பெயர் பழைய நான்கில் ஒன்றாக இல்லாவிட்டால், இணைத்தன்மை அரசாணையின் எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்; வாய்ச்சொல் வேண்டாம், நகல் வாங்குங்கள். பி.எட்.டை அஞ்சல்வழியில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். அலைடு தேர்ந்தெடுக்க வாய்ப்பு கிடைத்தால், மதிப்பெண் எளிதாக வரும் பாடத்தை விட்டுவிட்டு, பிளஸ் டூவோடு விட்டுப்போகக்கூடிய பாடத்தை எடுங்கள்.