சக்கர நாற்காலியும் நம் மைதானமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையை நம்மில் அறியாதவர் இல்லை. கம்பெனி பேருந்துகள், கண்டெய்னர் லாரிகள், இவற்றின் நடுவே இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்களோடு பைக்கில் திரும்பும் இளைஞர்கள். இச்சாலையில் விபத்தில் இறந்தவர்களுக்காக நாம் திருப்பலியில் செபிக்கிறோம். ஆனால் உயிர் பிழைத்து, தண்டுவடம் முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வின்றி வீடு திரும்புகிறவரை மெல்ல மறந்துவிடுகிறோம். முதல் மாதம் பழங்களோடு போய்ப் பார்க்கிறோம். பிறகு?

இப்படிப்பட்ட ஒருவரிடம் விளையாட்டைப் பற்றிப் பேசினால், "எழுந்து நிற்கவே முடியாதவனுக்கு விளையாட்டா?" என்று வீட்டாரே வருத்தப்படுவார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். உண்மையில் சக்கர நாற்காலி விளையாட்டு, பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல, மருத்துவமாகத் தொடங்கியது.

இரண்டாம் உலகப்போருக்கு முன்பு தண்டுவடம் முறிந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவிலேயே இறந்தனர். நாசி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மான், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இந்நிலையை மாற்றினார். நோயாளிகளைப் படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்தார், உட்கார வைத்தார், கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் கலந்துகொண்ட வில்வித்தைப் போட்டியை நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

1960-ல் உரோமை நகரில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் போட்டியிட்டனர். அவர்களை வத்திக்கானில் சந்தித்த திருத்தந்தை 23ஆம் யோவான், குட்மானை 'முடக்குவாதமுற்றோரின் குபெர்தென்' என்று பாராட்டினார். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கியவர் குபெர்தென் என்பது குறிப்பிடத்தக்கது. அதே போட்டியில் இன்னொன்றும் நடந்தது. வீரர்கள் தங்கிய கட்டடங்களில் படிக்கட்டுகள் இருந்தன. இராணுவ வீரர்கள் அவர்களை நாற்காலியோடு தூக்கி ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. உலகப் போட்டிக்கு வந்தவர்களுக்கே இந்த நிலை!

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. 1965 போரில் குண்டடிபட்ட இராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சலில், 1972-ல் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டரை 37.33 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. பத்மஸ்ரீ விருது அவருக்கு 2018-ல்தான் கிடைத்தது.

நமக்கு இன்னும் அருகில், சென்னையில் வாழ்ந்து உழைத்தவர் மாதவி லதா. தெலங்கானாவின் சத்துப்பள்ளியைச் சேர்ந்த இவருக்கு ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது போலியோ தாக்கியது. படித்து, சென்னையில் வங்கிப் பணியில் சேர்ந்தார். நாற்பது வயதை நெருங்கும்போது, வளைந்த முதுகெலும்பு நுரையீரலை அழுத்துவதாக மருத்துவர்கள் எச்சரித்தனர். தண்ணீருக்குள் செய்யும் பயிற்சியில்தான் அவருக்கு நிவாரணம் கிடைத்தது. அங்கே நீந்தக் கற்றார். 2011-ல் தேசியப் போட்டியில் தங்கம் வென்றார். தான் வென்றதோடு நில்லாமல், மற்றவர்களையும் வீட்டுக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்று இந்தியச் சக்கர நாற்காலி கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2014-ல் உருவாகக் காரணமாயிருந்தார். முதல் தேசியப் போட்டியும் அதே ஆண்டு சென்னையில் நடந்தது.

இந்த விளையாட்டைப் பார்த்தவர்கள் பரிதாபப்பட நேரமே இருக்காது. வளையத்தின் உயரம் குறைக்கப்படுவதில்லை. எல்லாருக்கும் உள்ள அதே 3.05 மீட்டர்தான். பந்தை மடியில் வைத்துச் சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். மூன்றாவது முறைக்கு முன் பந்தைத் தட்டவோ, எறியவோ, மற்றவருக்குக் கொடுக்கவோ வேண்டும். உடலின் இயக்கத்தைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக்கூடாது. ஆகவே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரும் அணிக்குத் தேவைப்படுகிறார். அவரைச் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும். எவ்வளவு நேர்மையான விதி!

ஆனால் களத்துக்கு வெளியே உள்ள வாழ்க்கை கடினமானது. இதை மறைத்து வெறும் 'தன்னம்பிக்கைக் கதை' சொல்வது சரியல்ல. உணர்வில்லாத உடலில் புண் வந்தால் தெரியாது. எனவே இடைவிடாமல் உட்கார்ந்திருக்காமல் அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். சிறுநீருக்குக் குழாய், அதற்குச் சுத்தமான கழிப்பறை. முதுகின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே வியர்க்காது. நம் சித்திரை வெயிலில் உடம்பு கொதித்துவிடும், தண்ணீர் தெளித்துக்கொண்டே ஆட வேண்டும். நடப்பதும் ஆடுவதும் ஒரே தோள்களால் என்பதால் தோள் வலி நிரந்தரம். விளையாட்டு நாற்காலியின் சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்திருக்கும். வேகமாகத் திரும்பும்போது கவிழாமலிருக்க அது உதவும். வெளிநாட்டிலிருந்து வரும் நாற்காலிக்கு இலட்சக்கணக்கில் செலவாகும். இத்தனையும் கிடைத்தாலும், வீட்டிலிருந்து மைதானம் வரை போகப் பேருந்தில் ஏற வேண்டுமே.

இடையில் ஒரு வார்த்தை. விபத்தில் விழுந்தவரை அவசரத்தில் கழுத்தையும் முதுகையும் மடக்கி ஆட்டோவில் திணிப்பதால், பாதி முறிந்தது முழுதாக முறிந்துவிடக்கூடும். 108-ஐ அழைத்து, அசைக்காமல் காத்திருப்பது எத்தனையோ பேரின் கால்களைக் காப்பாற்றும். நம் இளைஞர் இயக்கங்கள் இதைப் பயிற்சியாகவே நடத்தலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக்கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. விளையாட்டு வசதியையும் உரிமையாகவே சொல்கிறது. சரிவுப்பாதைக்குக் கணக்கு எளிது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நம் பங்கிலேயே அளந்து பார்த்தோம். மைதானத்துக்கு இறங்க மூன்று படிகள், மொத்தம் ஒன்றரை அடி உயரம். பதினெட்டு அடி நீளச் சரிவு போதும். கொத்தனாரைக் கேட்டதற்கு, நான்கு நாள் வேலை என்றார். அதற்கான இடமும் சுவரோரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நம் பைக்குகளை நிறுத்துகிறோம்.