பனித்தளத்தில் ஒரு குட்டிக்கரணம்

நுழையும்முன்

ஓட்டப் போட்டியின் வெற்றியை அளக்கக் கடிகாரம் உண்டு. நீளம் தாண்டுதலை அளக்க அளவுநாடா உண்டு. ஆனால், திறமையோடு அழகையும் சேர்த்து அளக்கும் விளையாட்டில் நடுவரின் கண்ணே அளவுகோல் ஆகிறது. அத்தகைய விளையாட்டில் பல்லாண்டுகள் போராடிய பிரெஞ்சு வீராங்கனை ஒருவரின் வரலாற்றை அறிவோம்.

விளையாட்டின் இயல்பு

உறைபனித் தளத்தின்மீது இசைக்கேற்பச் சறுக்கி ஆடும் விளையாட்டு ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும். இதில் பங்கேற்போர் அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணிகளை அணிந்திருப்பர். விரைந்து சறுக்கி, மேலெழும்பி, காற்றில் இரண்டு மூன்று முறை சுழன்று, ஒற்றைக் காலில் இறங்குவர். தகட்டின் விளிம்பு சிறிது பிறழ்ந்தாலும் விழ நேரிடும்.

1990களில் நடைபெற்ற பெரிய போட்டிகளில் 9 நடுவர்கள் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவரும் இரண்டு வகையில் மதிப்பெண் வழங்குவர். ஒன்று நுட்பத் திறனுக்கு உரியது. மற்றொன்று கலைநயத்திற்கு உரியது. 6.0 என்பதே நிறைவான மதிப்பெண்.

இளமையும் பயிற்சியும்

சூர்யா பொனாலி 1973ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, சுசான், ஜார்ஜ் பொனாலி என்னும் இணையர் அவரைத் தத்தெடுத்து வளர்த்தனர். ஞாயிற்றைக் குறிக்கும் வடசொல்லே அவருக்குப் பெயராயிற்று. பெற்றோர் வெள்ளையர், மகள் கறுப்பினத்தவர். அக்காலத்தில் பனித்தளப் போட்டிகளில் கறுப்பின வீராங்கனையர் மிகச் சிலரே இருந்தனர்.

தாய் சுசான் உடற்கல்வி ஆசிரியர். சூர்யா இளமையிலேயே பனிச்சறுக்கையும் ஜிம்னாஸ்டிக்ஸையும் ஒருசேரக் கற்றார். தரையில் தொடர்ந்து குட்டிக்கரணமிடும் பயிற்சி, அவருடைய கால்களுக்கு உறுதியையும் மனத்திற்கு அச்சமின்மையையும் தந்தது. பனித்தளத்தில் பிறர் செய்யத் தயங்கும் அருஞ்செயல்களுக்கு இப்பயிற்சியே அடித்தளமாக அமைந்தது.

வெற்றியும் வெள்ளியும்

1989 முதல் 1997 வரை தொடர்ந்து 9 ஆண்டுகள் சூர்யா பிரான்சின் தேசிய வாகையராகத் திகழ்ந்தார். 1991 முதல் 1995 வரை 5 முறை ஐரோப்பிய வாகையர் பட்டம் வென்றார். 1992ஆம் ஆண்டு பிரான்சின் ஆல்பர்ட்வில் நகரில் நிகழ்ந்த குளிர்கால ஒலிம்பிக்கில், வீரர்கள் அனைவரின் சார்பாகவும் உறுதிமொழி கூறும் பெருமை அவருக்குக் கிட்டியது. பெண்கள் எவரும் போட்டியில் முடித்திராத நான்கு சுழற்சித் தாவலையும் அவர் அங்கு முயன்றார். சுழற்சி முழுமை பெறவில்லை. எனினும் அம்முயற்சி வியப்புடன் பேசப்பட்டது.

ஆயினும், உலக வாகையர் பட்டம் மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. 1993, 1994, 1995 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பெற்றது வெள்ளிப் பதக்கமே. 1994ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த போட்டியில், 5க்கு 4 என்னும் நடுவர் கணக்கில் ஜப்பானிய வீராங்கனை யூகா சாத்தோ தங்கம் வென்றார். மனம் நொந்த சூர்யா பரிசு மேடையில் ஏறாமல் அருகிலேயே நின்றார். கழுத்தில் அணிவித்த பதக்கத்தையும் கழற்றினார். கூட்டத்தினர் கூச்சலிட்டனர். இச்செயல் விளையாட்டு மரபுக்கு மாறானது எனப் பலர் கண்டித்தனர். வலிமை மிகுந்த அவருடைய ஆட்டத்தில் நளினம் குறைவு என்றனர் சிலர். அவருடைய நிறமும் தோற்றமும் நடுவர்களின் பார்வையைப் பாதித்தன என்றனர் வேறு சிலர். கலைநயத்தை அளக்கக் கருவி இல்லாமையால், அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

தடையும் துணிவும்

1976ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் டெர்ரி குபிக்கா பனித்தளத்தில் பின்புறமாகக் குட்டிக்கரணமிட்டார். அதன்பின் அச்செயல் போட்டிகளில் தடை செய்யப்பட்டது. தவறினால் தலை பனியில் மோதும் என்பது ஒரு காரணம். தாவல் ஒற்றைக் காலில் முடிய வேண்டும் என்னும் நெறிக்கு, இரு காலில் இறங்கும் குட்டிக்கரணம் பொருந்தாது என்பது மற்றொரு காரணம்.

1996இல் சூர்யாவின் குதிகால் தசைநாண் அறுந்தது. நீண்ட சிகிச்சைக்குப் பின்னரே அவர் மீண்டும் பனித்தளம் ஏறினார். 1998ஆம் ஆண்டு ஜப்பானின் நாகானோ நகரில் நடைபெற்றது அவருடைய மூன்றாவது ஒலிம்பிக். அப்போது அவருக்கு வயது 24. இறுதிச் சுற்றில் உடல் ஒத்துழைக்கவில்லை; பதக்க வாய்ப்பும் நழுவியது. அந்நிலையில், திட்டத்தில் இல்லாத ஒன்றை அவர் செய்தார். பின்னோக்கிச் சறுக்கி, எழும்பி, தலைகீழாகப் புரண்டு, ஒற்றைக் காலில் இறங்கினார்!

ஒலிம்பிக்கில் அவ்வாறு ஒற்றைக் காலில் இறங்கிக் காட்டிய முதல் நபர் அவரே. பார்வையாளர் ஆரவாரம் செய்தனர். தடைசெய்யப்பட்ட செயல் என்பதால் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தனர். இறுதியில் அவருக்குக் கிடைத்தது 10ஆம் இடம். குறைப்பு வரும் என்பதை அறிந்தே அவர் அதைச் செய்தார். அதற்குரிய விலையையும் தாமே ஏற்றார்.

காலத்தின் தீர்ப்பு

அத்துடன் சூர்யா போட்டிகளிலிருந்து விலகினார். பல ஆண்டுகள் பனித்தளக் காட்சிகளில் பங்கேற்றார். அங்கு மதிப்பெண்ணும் இல்லை, தடையும் இல்லை. எனவே, அவருடைய குட்டிக்கரணத்தைக் காண மக்கள் திரண்டனர். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, இளையோருக்குப் பயிற்சியளித்தார்.

2024ஆம் ஆண்டு பன்னாட்டுச் சறுக்கு விளையாட்டுக் கூட்டமைப்பு, குட்டிக்கரணத்தைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. நாகானோவில் மதிப்பெண்ணை இழக்கச் செய்த அதே செயலை, 26 ஆண்டுகளுக்குப் பின் இளைய வீரர்கள் அச்சமின்றிச் செய்கின்றனர். சூர்யாவின் 10ஆம் இடம் ஏட்டில் மாறவில்லை. ஆயினும், அன்று பதக்கம் வென்றவர்களின் ஆட்டத்தைப் போலவே அவருடைய ஆட்டமும் இன்றும் நினைக்கப்படுகிறது.

சிந்தித்து எழுதுக

1. குட்டிக்கரணம் தடைசெய்யப்பட்டதற்கான இரண்டு காரணங்களைக் கூறுக.
2. 1994இல் சூர்யா பரிசு மேடையில் ஏற மறுத்ததையும், 1998இல் தடையை மீறியதையும் ஒப்பிட்டு உம் கருத்தை எழுதுக.
3. அழகை மதிப்பெண்ணால் அளக்க இயலுமா? வகுப்பில் இரு குழுவாகப் பிரிந்து விவாதிக்க.