குளமும் கொள்கையும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் ஓடைக்கும் ஊற்றுக்கும் குறைவில்லை. ஆயினும் லயத்து அடுப்பில் வேகும் மீன் பெரும்பாலும் கருவாடே. 'தோட்டத்துக்கொரு குளம் வெட்டி மீன்குஞ்சு விட்டாற் போதாதா?' என்று கேட்கத் தோன்றும். போதாது என்பதை நம் நாட்டு வரலாறே உணர்த்துகின்றது.

1952 ஆம் ஆண்டில் திலாப்பியா மீன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. உள்நாட்டு மீன்பிடியும் படிப்படியாக வளர்ந்தது. 1989 இல் கிடைத்த மீன் ஏறக்குறைய 40,000 தொன். 1990 இல் அரசாங்கம் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. 1994 இல் அத்தொகை 12,000 தொன்னாகச் சுருங்கிற்று. குளங்கள் அழிந்துவிடவில்லை, மீனவரும் மறைந்துவிடவில்லை. குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் அரசின் கையை விட்டுப் போயின. சிறுகண் வலைகளைத் தடுக்கும் மேற்பார்வையும் தளர்ந்தது. திலாப்பியா தானே பெருகும். வளர்ப்புக் கெண்டைகளிற் பெரும்பாலானவையோ தேங்கிய நீரில் பெருகுவதில்லை. பருவக் குளங்களுக்கு ஆண்டுதோறும் புதுக்குஞ்சு வேண்டும். ஓர் உறுப்பு நின்றது, முழுவதும் தளர்ந்தது. 1994 இல் ஆதரவு மீண்டது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீருயிரின வளர்ப்புக்கெனத் தனி அதிகாரசபையும் அமைந்தது.

உறுப்புகளைத் தனித்தனியே நோக்காது, ஒன்றையொன்று தாங்கும் தொடர்பினை நோக்குவதையே அறிஞர் 'தொகுதி நோக்கு' என்பர்.

அந்நோக்குடன் தோட்டத்துக் குளத்தைப் பார்ப்போம். மலைச்சரிவில் தெளித்த களைநாசினி மழையோடு குளத்தை அடையும். இறப்பர்த் தொழிற்சாலையின் கழிவுநீர் கலந்தால் நீரிலுள்ள ஒட்சிசன் குறையும். தென்மேற்குப் பருவமழையில் கரை வழிந்தால் மீன் வெளியேறும். ஆகவே குளம் வெட்டுமுன் மேட்டுநிலத்தையும் வடிகாலையும் நோக்க வேண்டும்.

அடுத்தது உரிமை. 1992 இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. குளத்தில் தொழிலாளிக்கு எழுத்தில் உரிமை இல்லையேல் அதனைக் காப்பவர் யார்? காவல் இல்லையேல் களவு; களவினால் நட்டம்; நட்டத்தினால் மறு ஆண்டு குஞ்சு வாங்கப் பணமில்லை. உரிமையை உறுதிசெய்து, விற்ற பணத்தில் ஒரு பங்கை அடுத்த குஞ்சுக்கென ஒதுக்கினால், அதே சக்கரம் நன்மையின் பக்கம் சுழலும்.

மூன்றாவது காலம். குஞ்சு மீனாவதற்குப் பல மாதங்கள் செல்லும். சங்கம் வேரூன்றச் சில ஆண்டுகள் செல்லும். ஓராண்டுக் கணக்கைக் கண்டு கொள்கையை மாற்றுவது, நட்ட செடியை நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்பதை ஒக்கும்.

எத்தனை குஞ்சு விட்டோம் என்று ஏட்டில் எழுதுவது எளிது. எத்தனை பிள்ளைகளின் கோப்பையில் மீன் விழுந்தது என்பதே கொள்கைக்கு உரைகல்லாகும்.