கர்ணனுக்கு அழுத ஊர்

கர்ணன் விழும்போது பெரும்பாலும் பொழுது விடிந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கிய கூத்தில் மனைவி பொன்னுருவி வழி மறித்து அழுது, கர்ணன் அவளைத் தேற்றி, களத்துக்குப் போய், தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்து, நெஞ்சில் அம்பு தைப்பதற்குள் கிழக்கு வெளுத்திருக்கும். சேலம் மாவட்டத்தில் எங்கள் ஜலகண்டாபுரத்தையும் மேச்சேரி, நங்கவள்ளி, தாரமங்கலம் பக்கத்து ஊர்களையும் சேர்ந்த பழைய ஆட்களிடம் போரைப் பற்றிக் கேட்டால் முதலில் இந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். போர் என்றால் என்ன என்று அவர்களுக்குக் காட்டியது கூத்துக் களரி.

அதில் தத்ரூபம் என்று எதுவும் கிடையாது. மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, முகத்தில் அரிதாரம், ஒரு பெஞ்சியே தேர். நேற்று சந்தையில் பார்த்த வாத்தியார்தான் இன்று கர்ணன் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் குந்தி களத்துக்கு ஓடிவந்து செத்துக்கொண்டிருக்கிற மகனை மடியில் கிடத்தும்போது, தறி நெய்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்த ஆண்களும் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். வட தமிழ்நாட்டில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் ஆடுவது பழைய வழக்கம். தங்கள் வீட்டுச் சாவுக்கான கண்ணீரையும் அந்தக் களத்தில்தான் கொட்டித் தீர்த்தார்கள்.

கர்ணன் எந்தப் பக்கம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவன் துரியோதனன் படையின் சேனாதிபதி. தருமராசாவையும் திரௌபதி அம்மனையும் கும்பிடுகிற சனம், அவர்களை எதிர்த்து வில் எடுத்தவனுக்காக ஒரு முழு இரவு விழித்திருந்து அழுதது. அழுததால் பாண்டவர் மேல் பக்தி குறைந்துபோகவில்லை. அம்பு விட்டவனும் அம்பு பட்டவனும் ஒருத்தி வயிற்றில் பிறந்தவர்கள் என்பதுதான் கதையே. எதிரில் நிற்கிறவனுக்கும் பெண்டாட்டி உண்டு, தாய் உண்டு, அவன் செத்தால் அழ ஆள் உண்டு என்பதைக் காட்டாமல் அந்தக் கூத்து முடியாது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் இந்தப் படிப்பு கிடைத்திருந்தது. ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட திராவிட இயக்க நாடகாசிரியர் ஜலகண்டாபுரம் ப. கண்ணன் போன்றவர்கள் புராணத்தைக் கேள்வி கேட்டு மேடை ஏறிய மண்தான் இது. ஆனாலும் கர்ணனுக்கான கண்ணீர் வற்றவில்லை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 1988-ல் தூர்தர்ஷனில் சேத்தன் ஆனந்தின் 'பரம்வீர் சக்ரா' ஓடியது. இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால விருதைப் பெற்ற வீரர்களின் கதைகள் அவை. அடுத்த வருடம் 'ஃபௌஜி'. அதை எடுத்த கர்னல் ராஜ்குமார் கபூர் தாமே ராணுவத்தில் இருந்தவர். ஷாருக் கான் என்ற பையனை நாடறிய வைத்த தொடர் அதுதான். இரண்டுமே இந்தி. எங்கள் பக்கம் இந்தி தெரிந்தவர்கள் யார்? பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள்தான். டி.வி. இருந்த ஒன்றிரண்டு வீடுகளின் திண்ணையில் அப்படி ஒருவர் உட்கார்ந்தால் கூட்டம் அவரைச் சுற்றிக்கொள்ளும். அர்த்தம் சொல்வது அவர் வேலை. அதோடு நிற்காமல், திரையில் காட்டாததையும் சொல்வார். பூட்ஸ் இவ்வளவு பளபளப்பாக இருக்காது என்பார். பனியில் கால்விரல் மரத்துப்போவதையும், சண்டையைவிடக் காத்திருப்பதுதான் நீளம் என்பதையும் சொல்வார். "அந்தப் பக்கம் இருக்கிறவன் மட்டும் என்ன கண்ணு, அவனும் மழைக்கு ஒதுங்க எடம் தேடிட்டுத்தான் நிப்பான்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். தொடர் சொல்லாமல் விட்டதைத் திண்ணை சொன்னது. 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி ஆனதும் அந்தத் திண்ணைகள் காலியாகிவிட்டன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்து அவமானப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி பெரிய மரியாதை.

அந்தப் போர்த் தொடர்களுக்குச் சில வருடம் முன்பே எங்களுக்கு இன்னொரு போர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மேட்டூர் அணைக்கு வடக்கே கொளத்தூர். இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் நடுவில், அங்கே கும்பாரப்பட்டிப் பக்கம் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. இடம் கொடுத்தவர் பெரியார் இயக்கத்தைச் சேர்ந்த கொளத்தூர் மணி. அங்கே பயிற்சி கொடுத்த பொன்னம்மான் 1987-ல் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். அவர் நினைவாக எழுப்பிய நிழற்குடை புலியூர்ப் பிரிவில் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கு அது தினமும் பார்க்கிற இடம். ஆகவே இந்தப் பக்கத்து முதியவர்கள் சிலருக்கு 'ஈழப் போராளி' என்பது செய்தித்தாள் படம் இல்லை. சாலையில் எதிரே வந்து வழி கேட்ட, கடையில் பழம் வாங்கிய, மீசை முளைக்காத பையன்.

1991 மே 21 எல்லாவற்றையும் மாற்றியது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்தப் பையன்களைத் தெரியும் என்று சொல்லவே பயந்தார்கள். மறு வருடம் இயக்கம் தடை செய்யப்பட்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது உள்ளே அடைத்து வைத்த துக்கம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு அந்தப் போரைப் பற்றி யார் படம் எடுத்தாலும் இங்கே கொதிப்புதான். 2013-ல் 'மெட்ராஸ் கஃபே' தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வரவே இல்லை. 2014-ல் சந்தோஷ் சிவனின் 'இனம்' வந்த சில நாட்களில் எடுக்கப்பட்டுவிட்டது. படத்தைப் பார்க்க விடாமல் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. காயம் ஆறாத வீட்டில் உரக்கப் பேசினால் கோபம் வரும் என்பது புரிகிறது. ஆனாலும் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

2021-ல் 'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவம். முன்னோட்டம் வந்ததுமே, ஈழப் போராளிகளைக் காட்டிய விதத்துக்காகத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. வைகோவும் சீமானும் கண்டித்தார்கள். மே 24-ல் மாநில அமைச்சர் மனோ தங்கராஜ் தொடரைத் தடுக்கக் கோரி ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். அதே நாளில்தான் கொரோனாவுக்கான தளர்வில்லாத முழு ஊரடங்கு தொடங்கியது. எங்கள் பக்கம் தறிச் சத்தம் அடங்கி, எல்லாரும் வீட்டுக்குள் போனோடு இருந்த நேரம். ஜூன் 4 அன்று ஒன்பது பகுதிகளும் ஒரே மூச்சாக வந்தன.

பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சமந்தா நடித்த ராஜி என்ற போராளிப் பெண்ணை மறக்க முடியவில்லை என்றார்கள் பலர். சிங்கள ராணுவத்தால் சிதைக்கப்பட்டவள், பேசாதவள், கண்ணிலேயே எல்லாம் வைத்திருப்பவள். இன்னொரு சாரார், முகத்தைக் கறுப்பாக்கி ஒரு நடிகையை நிறுத்தினால் ஈழப் பெண் ஆகிவிடுவாளா, பாகிஸ்தான் உளவுத்துறையோடு புலிகளைச் சேர்த்து இந்தியப் பிரதமரைக் கொல்லச் சதி என்று கதை கட்டுவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். என் தீர்ப்பு இதுதான்: ராஜி என்ற ஒருத்தியை உண்மையாக எழுத முயன்றிருக்கிறார்கள். அவளைச் சுற்றிய கதையோ ஓர் இனத்தின் நாற்பது வருடத் துயரத்தைப் பயங்கரவாதச் சதிக்கதைக்குள் அடைத்துவிட்டது. பாத்திரம் மெய், பழி பொய்.

இதைவிடத் தெளிவாகச் சொன்னவர் ஒரு பெண்மணி. தாரமங்கலத்தை அடுத்த பவளத்தானூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அகதி முகாம் என்றிருந்த பெயர் 2021 ஆகஸ்டில்தான் மறுவாழ்வு முகாம் ஆனது. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கிருந்து கூலி வேலைக்கு வருகிறவர்கள் எங்களுக்குப் பழக்கம். சின்ன வயதில் படகேறி வந்த அந்த அம்மாளிடம் தொடர் எப்படி என்று கேட்டேன். "நடிப்பு நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா அந்தப் பிள்ளை சிரிக்கவே இல்லையே. எங்கட ஊரில இயக்கத்துக்குப் போன பிள்ளையள் சிரிச்சுப் பகிடி விட்டுக்கொண்டுதான் திரிஞ்சவை" என்றார். தடை கேட்ட கடிதங்களிலும் பாராட்டிய விமர்சனங்களிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று அது. ரத்தமும் தழும்பும் வெடிச்சத்தமும் தத்ரூபமாக வந்திருந்தன. சிரிப்பு வரவில்லை. சிரிக்கத் தெரிந்தவர்களாகக் காட்டியிருந்தால் அவர்களைக் கொல்வதைப் பார்த்துக் கைதட்டுவது கடினமாகியிருக்கும்.

மூன்று வருடம் கழித்து, 2024 தீபாவளி நாளில் 'அமரன்' வந்தது. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. மறு வருடக் குடியரசு நாளில் அவருடைய அசோக சக்ராவை மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் வாங்கியதை நாடே பார்த்தது. ராஜ்குமார் பெரியசாமி எடுத்த படத்தை எங்கள் பக்கம் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். இந்துவாக நடித்த சாய் பல்லவியின் அழுகையோடு சேர்ந்து அழுதார்கள். பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளில் அன்று ராத்திரி போன் பேச்சு நீண்டது. அந்தக் கண்ணீரில் கலப்படம் கிடையாது. காத்திருக்கிற பெண்ணின் பக்கம் நின்று ஒரு ராணுவ வீரனைக் காட்டியதால் அந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

எதிர்ப்பும் வந்தது. காஷ்மீர் முஸ்லிம்கள் கல்லெறிகிறவர்களாகவும் துப்பாக்கி ஏந்தியவர்களாகவும் மட்டுமே தெரிகிறார்கள் என்று எஸ்.டி.பி.ஐ. உள்ளிட்ட அமைப்புகள் போராடின. நெல்லை மேலப்பாளையத்தில் படம் ஓடிய திரையரங்கில் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. அந்தக் குண்டுக்கு எந்த நியாயமும் கிடையாது. குண்டை ஒதுக்கிவிட்டு மனக்குறையை மட்டும் எடுத்துப் பார்த்தால், அது நான் முன்பே கேட்ட குரல். எங்களை இப்படியா காட்டுவது என்று 2021-ல் நாம் கேட்ட அதே கேள்வி. ஆனால் அன்று கேட்டவர்களிலேயே பலர் இப்போது, "படத்தைப் படமாப் பாருங்க, இது உண்மைச் சம்பவம்" என்று பதில் சொன்னார்கள். டீக்கடையில் அதைக் கேட்டபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. நம்மை எதிரியாகக் காட்டினால் அவதூறு. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவரின் மதத்துக்காரரைக் காட்டினால் உண்மைச் சம்பவம். கர்ணனுக்கு அழுத சனம் எப்படி இந்த இடத்துக்கு வந்தது?

எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்று. கூத்தில் இன்று கர்ணன் கட்டுகிறவரே நாளை அர்ச்சுனனும் கட்டுவார். விடிந்ததும் கிரீடத்தைக் கழற்றி, முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் துடைத்து, எதிரியாக ஆடினவரோடு சேர்ந்து டீ குடிப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். வெறுப்பு களரியிலேயே தங்கிவிடும். இன்றைய தொடரும் படமும் நிஜ ஊர், நிஜத் தேதி, நிஜப் பெயரோடு வருகின்றன. கடைசியில் உண்மையான ஆளின் புகைப்படத்தையும் காட்டுகிறார்கள். நம் வீரனின் வீட்டுக்குள் போகிற கேமரா எதிரியின் வீட்டு வாசலோடு நின்றுகொள்கிறது. திரையில் கழற்றப்படாத அந்த எதிரி முகத்தை, படம் பார்க்கிறவர்கள் தெருவில் தேடத் தொடங்குகிறார்கள். தத்ரூபம் கூடக் கூட எடுக்கிறவர்களின் பொறுப்பும் கூட வேண்டும். அது கூடவில்லை.

கூத்து செத்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மேட்டூர் வட்டத்து ஏர்வாடியில் 'மணல்வீடு' இதழின் ஹரிகிருஷ்ணன் போன்றவர்கள் கூத்துக் கலைஞர்களுக்குத் துணையாக நின்று, இளம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். கர்ண மோட்சம் இப்போது யூடியூபிலும் கிடைக்கிறது. விசைத்தறிக் கொட்டாயில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அறுந்த இழையை முடிந்துகொண்டே பார்க்கிறார்கள்.

ஆகவே ஈழத்தையோ காஷ்மீரையோ வைத்து அடுத்த தொடர் எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஆயுத விவரமும் சீருடை விவரமும் திரட்டுகிற அக்கறையில் பாதியையாவது எதிரிப் பக்கத்துத் தாயைத் தேடிப் போவதில் செலவழியுங்கள். ஈழக்கதை என்றால் எங்கள் பக்கம் வாருங்கள். பவளத்தானூரில் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 'ஃபேமிலி மேன்' பார்த்துக் கொதித்தவர்கள், 'அமரன்' பார்த்து மனம் நொந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தடவை உட்கார்ந்து, என்ன வருத்தம் என்று கேளுங்கள்.